உங்களுக்குத் தெரியுமா? கதையில் இருந்தார், படத்தில் காணோம்!

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பஸ், அடிவாரத்தைத் தொடும் முன்பு ஒரு பழைய வளைவைத் தாண்டிப் போகும். 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்று அதில் எழுதியிருக்கும். வளைவு மட்டும்தான் மிச்சம். நூறு படங்களுக்கு மேல் எடுத்த கம்பெனியின் தளங்களோ, அரண்மனை செட்டுகளோ எதுவும் உள்ளே இல்லை. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம், வாசற்கதவை மட்டும் விட்டுவிட்டு வீடு எங்கோ எழுந்து நடந்துபோன மாதிரி எனக்குத் தோன்றும்.

அதனால் இந்த முறை காணாமல் போனவர்களைப் பற்றி. நாவலில் அத்தியாயம் அத்தியாயமாக வாழ்ந்தவர்கள் படமாகும்போது சொல்லாமல் கொள்ளாமல் மறைந்த கதை. அதிலும் முக்கியமாக 'கோதிக்' வகையறா: பழைய மாளிகை, பூட்டிய அறை, இறந்தும் போகாத முதல் மனைவி, கையில் மெழுகுவர்த்தியோடு கதாநாயகி. இந்தக் கதைகளில் ஒருவர் காணாமல் போனால் அது பேயின் வேலையா, எடிட்டரின் வேலையா என்று பிரித்துப் பார்ப்பது சிரமம். பெரும்பாலும் எடிட்டர்தான்.

★

1931-இல் வந்த 'டிராகுலா'வில் லூசி என்ற பெண்ணுக்குக் கடைசியில் என்ன ஆனது?

பேலா லுகோசி கறுப்பு அங்கியோடு இறங்கி வருகிற, டாட் பிரௌனிங் இயக்கிய அதே படம்தான். லூசியின் ரத்தத்தை டிராகுலா குடிக்கிறான், அவள் இறக்கிறாள், அடக்கம் நடக்கிறது. பிறகு வெள்ளை உடையில் ஒரு பெண் இரவில் குழந்தைகளை மயக்கிக் கூட்டிப்போவதாகப் பத்திரிகையில் செய்தி வருகிறது. அது லூசிதான் என்று அவள் தோழி மீனா சொல்கிறாள். அவள் ஆத்மாவுக்கு விடுதலை வாங்கித் தருவதாகப் பேராசிரியர் வான் ஹெல்சிங் வாக்குக் கொடுக்கிறார். அவ்வளவுதான். அதன் பிறகு அவள் பேச்சே படத்தில் இல்லை. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் கணக்குப்படி லூசி இன்னும் லண்டன் தெருக்களில் அலைந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் அவள் கல்லறையைத் திறந்து மார்பில் கட்டை இறக்குகிற இடம்தான் வாசகனுக்கு வியர்க்கிற இடம். படத்தில் அது மொத்தமாகக் காணோம்.

விடை அதே ஸ்டூடியோவிலேயே இருந்தது. பகலில் ஆங்கிலப் படக்குழு வேலை முடித்துப் போனதும், இரவில் அதே செட்டுகளில் வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிஷ் மொழியில் இன்னொரு 'டிராகுலா' எடுத்தார்கள். டப்பிங் பழகாத காலம். இயக்கியவர் ஜார்ஜ் மெல்ஃபோர்டு. அந்த ஸ்பானிஷ் படத்தில் பேராசிரியரும் ஹார்க்கரும் காரியத்தை முடித்துவிட்டு இடுகாட்டிலிருந்து வெளியே வரும் காட்சி இருக்கிறது! ஆங்கிலப் படம் சுமார் 75 நிமிடம், ஸ்பானிஷ் படம் 104 நிமிடம். அந்த அரைமணி நேரத்தில்தான் லூசிக்கு மோட்சம் கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால் இந்த ஸ்பானிஷ் படத்திலேயே ஒரு ரீல் பல வருஷம் காணாமல் போய், கடைசியில் கியூபாவின் திரைப்பட ஆவணக்காப்பகத்தில் கிடைத்தது.

★

அதே நாவலில் லூசியை ஒரே நாளில் மூன்று பேர் பெண் கேட்கிறார்கள். ஒருவர் பிரபு வீட்டுப் பிள்ளை ஆர்தர், ஒருவர் அமெரிக்கர் குவின்சி மோரிஸ், ஒருவர் டாக்டர் சீவர்டு. 1931 படத்தில் ஆர்தரும் குவின்சியும் காலி. டாக்டர் சீவர்டு மட்டும் தப்பினார். ஆனால் அவரை மீனாவின் அப்பாவாக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையாக வேண்டியவர் மாமனாராகிவிட்டார். நாவலிலிருந்து நேராக எடுக்காமல், நாவலைக் குறுக்கிப் போட்ட மேடை நாடகத்திலிருந்து எடுத்ததன் விளைவு இது. மேடையில் நாற்காலி குறைவு, ஆளும் குறைவு.

★

1958-இல் பிரிட்டனின் ஹாமர் கம்பெனி எடுத்த 'டிராகுலா'வில் ஈ, பூச்சி தின்கிற ரென்ஃபீல்டு என்ற பைத்தியம் அறவே கிடையாது. பூச்சிகள் பிழைத்தன.

★

'ஃபிராங்கென்ஸ்டைன்' (1931) படத்தில் ஏரிக்கரையில் பூப்போட்டு விளையாடுகிற சிறுமி மரியாவை மறந்திருக்க மாட்டீர்கள். பூ தீர்ந்துபோகிறது. பூ மிதக்கிறதே, இவளும் மிதப்பாள் என்று நினைத்து அந்த அப்பாவி மிருகம் அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடும். அந்தக் காட்சி கூடாது என்று வெட்டினார்கள். மிருகம் சிறுமியை நோக்கிக் கை நீட்டும், டக்கென்று காட்சி மாறும். சற்று நேரத்தில் அப்பா மகளின் உடலைச் சுமந்து ஊருக்குள் வருவார்.

யோசித்துப் பாருங்கள். இருந்ததைக் காட்டியிருந்தால் அது ஒரு விபத்து. வெட்டிய பிறகு, நடுவில் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்பவர்கள் மனத்தில் ஓடியது அதைவிடப் பலமடங்கு கொடூரம். நாகரிகம் காக்கப் போன கத்திரி, அந்தப் பாவப்பட்ட ஜந்துவின் பேரைக் கெடுத்ததுதான் மிச்சம். வெட்டிய காட்சி திரும்பப் படத்தில் சேர 1980-கள் வரை ஆனது.

★

அதே படத்தின் ஆரம்ப நடிகர் பட்டியலில் மிருகமாக நடித்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறிதான் இருந்தது. போரிஸ் கார்லாஃப் என்பதும் புனைபெயர், உண்மைப் பெயர் வில்லியம் ஹென்றி பிராட். அவருடைய அப்பா இந்தியாவில் உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர்.

★

முதல் படத்தில் கதாநாயகனின் நண்பனாக வந்து, கதாநாயகி மேலும் ஒரு கண் வைத்திருந்த விக்டர் என்ற வாலிபன், கதை அப்படியே தொடர்கிற இரண்டாம் பாகமான 'பிரைட் ஆஃப் ஃபிராங்கென்ஸ்டைன்' (1935) படத்தில் இல்லை. எங்கே போனான் என்று யாரும் கேட்கவுமில்லை. மேரி ஷெல்லியின் நாவலில் விக்டர் என்பது விஞ்ஞானியின் பெயர், ஹென்றி நண்பனின் பெயர். படத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டார்கள். பெயரையும் பறிகொடுத்து ஆளும் தொலைந்தவன் என்றால் இவன்தான்.

★

இது நம்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 'ஜேன் எயர்' நாவலில் இந்தியா இருக்கிறது!

தார்ன்ஃபீல்டு மாளிகையின் மாடியில், தான் மணக்கவிருந்தவரின் முதல் மனைவி பூட்டி வைக்கப்பட்டிருப்பது தெரிந்ததும் ஜேன் ஓடிப்போகிறாள். பசியில் விழுந்து கிடந்தவளைக் காப்பாற்றுவது செயின்ட் ஜான் என்ற பாதிரியாரும் அவருடைய இரண்டு தங்கைகளும். பிறகுதான் அவர்கள் தன் சொந்த அத்தை மக்கள் என்று அவளுக்குத் தெரிகிறது. அந்தப் பாதிரியார் இந்தியாவுக்கு ஊழியம் செய்யக் கிளம்புகிறவர். ஜேனுக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுக்கிறார். கல்யாணம் பண்ணிக்கொண்டு கூட வா என்கிறார். அவள் மறுக்க, அவர் மட்டும் கப்பலேறுகிறார். சார்லட் பிராண்டி நாவலை முடிப்பதே காதலர்களோடு அல்ல, இந்தியாவில் இருக்கும் இவரோடுதான்.

1943-இல் ஆர்சன் வெல்ஸ், ஜோன் ஃபான்டெய்ன் நடித்த படத்தில் இந்தப் பகுதி முழுக்கப் போச்சு. தங்கைகள் இல்லை, இந்துஸ்தானி இல்லை, இந்தியா இல்லை. ஜேன் பழையபடி சித்திரவதை செய்த அத்தை வீட்டுக்கே திரும்பிப் போகிறாள். 'ரிவர்ஸ்' என்ற குடும்பப் பெயரை மட்டும் எடுத்து, ஜேன் சின்ன வயதில் படித்த அனாதைப் பள்ளியின் நல்ல டாக்டர் ஒருவருக்குச் சூட்டினார்கள். நாவலில் அந்தப் பள்ளியில் அன்பு காட்டுகிற டீச்சர் மிஸ் டெம்பிள். டாக்டர் வந்ததால் டீச்சர் வேலை போயிற்று.

இன்னொரு கூத்து: படம் தொடங்கும்போது ஒரு புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டி வாசிப்பார்கள். அந்த வரிகள் நாவலில் எங்குமே கிடையாது. புத்தகத்தைக் காட்டியே புத்தகத்தை மறைத்த சாமர்த்தியம். பள்ளித் தோழியாக வந்து இருமி இருமி இறந்துபோகும் சிறுமிக்கு டைட்டிலில் பெயரே போடவில்லை. அவள் பெயர் எலிசபெத் டெய்லர்.

★

அந்த ஜேன் தமிழும் பேசியிருக்கிறாள். 1969-இல் வந்த 'சாந்தி நிலையம்'. ஜி.எஸ். மணி இயக்கம், ஜெமினி கணேசன், காஞ்சனா. நாவலில் கதாநாயகி பாடம் சொல்லிக்கொடுக்கப் போவது ஒரே ஒரு சிறுமிக்கு. தமிழுக்கு வரும்போது அது ஒரு பட்டாளமே ஆகிவிட்டது. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' உலகமெங்கும் ஓடி முடித்திருந்த நேரம், கேட்க வேண்டுமா! ஆளைக் குறைப்பது ஹாலிவுட் வழக்கம். நாம் குழந்தைகுட்டியோடு இருந்தால்தான் வீடு என்று ஒத்துக்கொள்வோம்.

ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லிக்கு இந்தப் படம் தேசிய விருது வாங்கித் தந்தது. 'மாயா பஜார்' (1957) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவர்தான். மாயம் அவருக்குப் புதிதல்ல.

★

ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா' (1940) படத்தில் ரெபெக்காவாக நடித்தது யார்?

யாருமில்லை. படம் முழுக்க அவள் பேச்சு, அவள் அறை, அவள் தலையணை உறை, அவள் பெயரின் முதலெழுத்து. ஒரு போட்டோகூடக் காட்டமாட்டார்கள். அவள் இறந்த இரவைக் கணவன் விவரிக்கும்போது கேமரா காலி அறையில் அவள் எழுந்தாள், நடந்தாள் என்பதைப் பின்தொடர்ந்து தானே நகரும். பார்ப்பவர்களுக்கு அவள் நடப்பது தெரியும். பிளாஷ்பேக் போட்டு ஒரு பாட்டும் வைக்காமல் இருந்த கட்டுப்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது.

கதாநாயகிக்குப் பெயரே கிடையாது என்பது தாஃப்னே து மோரியேயின் நாவலிலும் அப்படித்தான், படத்திலும் அப்படித்தான். 1964-இல் பைரேன் நாக் இதை இந்தியில் 'கோஹ்ரா' என்று எடுத்தபோது வஹீதா ரஹ்மானுக்கு ராஜேஸ்வரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் மருமகளுக்குப் பெயர் இல்லாமல் மூன்று மணி நேரம் ஓட்ட முடியுமா?

வேலைக்காரி டான்வர்ஸ் அம்மாள் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். நாவலில் அவள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று டெலிபோனில் ஒரு தகவல் வரும். அன்றிரவே மாளிகை எரியும். யார் வைத்த தீ, அவள் பிறகு எங்கே போனாள், எதற்கும் பதில் கிடையாது. ஹிட்ச்காக் படத்தில் அவள் தீக்குள்ளேயே நின்று எரிந்துபோகிறாள். நாவலில் கணவன்தான் ரெபெக்காவைச் சுட்டுக் கொன்றவன். படத்தில் அவள் தவறி விழுந்து செத்ததாக மாற்றினார்கள். கொலைகாரன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது என்பது அப்போதைய ஹாலிவுட் தணிக்கை விதி. ஒரு குற்றவாளியைக் காணாமல் அடித்தார்கள், காணாமல் போன இன்னொருத்தியைத் தேடிப் பிடித்து எரித்தார்கள். எஜமானுக்கு மன்னிப்பு, வேலைக்காரிக்குத் தீ.

★

'வுதரிங் ஹைட்ஸ்' நாவலுக்கு 34 அத்தியாயம். கதாநாயகி கேத்தரின் இறப்பது 16-ஆம் அத்தியாயத்தில். மிச்சப் பாதி அவள் மகள், ஹீத்கிளிஃபின் மகன், அண்ணன் மகன் இவர்கள் கதை. வில்லியம் வைலர் 1939-இல் எடுத்த படத்தில் இந்த மூன்று பேரும் பிறக்கவே இல்லை. அடுத்த தலைமுறை முழுவதும் ஒரே கத்திரியில் போயிற்று.

நாவலிலேயே ஒரு மர்மம் இருக்கிறது. ஹீத்கிளிஃப் ஒருநாள் இரவு ஓடிப்போகிறான், மூன்று வருஷம் கழித்துக் கையில் காசோடு கனவானாகத் திரும்புகிறான். இடையில் எங்கிருந்தான், என்ன செய்தான் என்று எமிலி பிராண்டி கடைசிவரை சொல்லவில்லை. படத்தில் அமெரிக்கா போய்வந்தான் என்று ஒரு வரியில் முடித்தார்கள். ஓடிப்போனவன் பணக்காரனாகத் திரும்பினால் பம்பாய் போயிருந்தான் என்று நாம் முடிப்போமே, அதே ரகம்.

கடைசிக் காட்சியில் காதலர்கள் ஆவியாகப் பனியில் கைகோத்து நடப்பார்கள். அவர்கள் லாரன்ஸ் ஒலிவியரும் மெர்ல் ஓபரானும் அல்ல, முதுகு காட்டி நடந்த டூப்புகள். இயக்குநருக்கு அந்தக் காட்சியில் இஷ்டமே இல்லை. தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் பிடிவாதத்தில் பிறகு சேர்த்தது. நாயகனும் நாயகியும் தங்கள் கடைசி ஷாட்டிலேயே காணாமல் போனார்கள்.

ஆனால் இந்தப் படத்தில் உண்மையாக மறைந்தது வேறு ஒன்று.

கேத்தரினாக நடித்த மெர்ல் ஓபரான் 1911-இல் பம்பாயில் பிறந்தவர். அவரை வளர்த்தவர் இலங்கையைச் சேர்ந்த கலப்பின வழிவந்த பெண். அன்றைய ஹாலிவுட்டில் இது வெளியே தெரிந்தால் நட்சத்திர வாழ்வு முடிந்தது. அதனால் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பிறந்தேன் என்று ஆயுள் முழுக்கச் சொன்னார். கூடவே இருந்த அந்த அம்மாவை, வருகிறவர்களிடம் வேலைக்காரி என்று காட்டிக்கொண்டார். 1979-இல் மெர்ல் இறந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. மாடியில் பூட்டி வைத்த மனைவியைக் கதை என்று படிக்கிறோம். சொந்த வீட்டுக்கூடத்தில், கண்ணெதிரே, ஒரு தாயை மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

★

அந்த கேத்தரின் வேடத்துக்கு ஒலிவியர் விரும்பியது தன் காதலி விவியன் லீயை. கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் 'ரெபெக்கா'வுக்கும் விவியன் டெஸ்ட் கொடுத்தார், அதுவும் ஜோன் ஃபான்டெய்னுக்குப் போயிற்று. இடையில் 'கான் வித் தி விண்ட்' கிடைத்ததால் அழவேண்டிய அவசியம் வரவில்லை. இவர் பிறந்தது டார்ஜிலிங்கில், 1913-இல். குழந்தைப் பருவத்தில் அம்மாவோடு ஊட்டியில் இருந்தார். மூன்று வயதில் அம்மாவின் அமெச்சூர் நாடகக் குழுவுக்காக ஒரு குழந்தைப் பாட்டை ஒப்பித்ததுதான் அவருடைய முதல் மேடை.

★

எல்லாரும் ஆளைக் குறைக்கும்போது ஆளைக் கூட்டியவரும் உண்டு. வைக்கம் முகம்மது பஷீரின் 'நீல வெளிச்சம்' ஒரு சிறுகதை. பேய் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன், கண்ணுக்குத் தெரியாத பார்கவி, அணைந்துபோன விளக்கு, மண்ணெண்ணெய் வாங்கிவரப் போய்த் திரும்பினால் அறை நிறைய நீல ஒளி. அவ்வளவுதான் கதை. 1964-இல் ஏ. வின்சென்ட் 'பார்கவி நிலையம்' என்று படமாக்கியபோது திரைக்கதையைப் பஷீரே எழுதினார். பார்கவிக்கு ஒரு காதலன் வந்தான், பிரேம் நசீர். அவளைக் கொன்ற ஒருவனும் வந்தான். கதையில் பேயாகவே இருந்தவளுக்குப் படத்தில் ஒரு வாழ்க்கை கிடைத்தது. சொந்த எழுத்தாளரே திரைக்கதை எழுதினால் இப்படி ஒரு லாபம் உண்டு போலிருக்கிறது.

★

இனி நம் அடிவாரத்துக்கு வருவோம்.

'ஃபிராங்கென்ஸ்டைன்' எடுத்த அதே ஜேம்ஸ் வேல், 1939-இல் 'தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்' எடுத்தார். அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக்காரன். மறு வருஷமே, 1940-இல், சேலத்தில் டி.ஆர். சுந்தரம் அதே கதையை 'உத்தம புத்திரன்' ஆக்கினார். பி.யு. சின்னப்பா இரட்டை வேடம். தமிழ்ப்படத்தில் இரட்டை வேடம் என்ற வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே இதுதான்.

டூமா எழுதிய கதையில் இரட்டையரில் நல்லவனுக்கு நீதி கிடைப்பதில்லை. அவனை அரசனாக்கும் சதி குலைந்து, முகத்தில் இரும்பு மூடியோடு மறுபடி சிறைக்கே போகிறான். அதற்குப் பிறகு நாவல் அவனை ஏறக்குறைய மறந்துவிடுகிறது. ஹாலிவுட்டும் சேலமும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு ஊரிலும் நல்லவனே சிம்மாசனம் ஏறினான். சரித்திரத்தில் அப்படி ஒரு கைதி உண்மையிலேயே இருந்து 1703-இல் பாஸ்டில் சிறையில் இறந்தான். அவன் அணிந்தது வெல்வெட் துணி முகமூடி. இரும்பு, கதை விட்டவர்களின் கைச்சரக்கு.

லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த திருச்செங்கோட்டுக்காரர் சுந்தரம். முகமூடிக்குத் துணியே போதும் என்று அவருக்குத் தெரியாதா என்ன! ஆனால் துணி முகமூடிக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்?

★

சுந்தரத்தின் இன்னொரு படம் 'மனோன்மணி' (1942). மூலம், பேராசிரியர் சுந்தரம் பிள்ளை 1891-இல் எழுதிய 'மனோன்மணீயம்' நாடகம். தமிழ்த்தாய் வாழ்த்து அதில் இருந்துதான் வந்தது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நாடகத்தின் கதைக்கரு லிட்டன் பிரபு என்ற ஆங்கிலேயருடைய 'தி சீக்ரெட் வே', அதாவது ரகசிய வழி, என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சுரங்கப்பாதை, சதிகார மந்திரி, நள்ளிரவுக் கல்யாணத்தின் நடுவே சுரங்கத்திலிருந்து வந்து நிற்கும் நாயகன் என்று கோதிக் சாமான் அத்தனையும் அங்கே உண்டு.

அந்த லிட்டனின் மகன்தான் தாது வருஷப் பஞ்சத்தின்போது இந்தியாவின் வைஸ்ராய். பஞ்சத்தில் சேலம் ஜில்லா செத்துக்கொண்டிருந்த 1877-இல் டெல்லியில் தர்பார் நடத்தியவர். அப்பா கதையில் ஆட்கள் ரகசிய வழியாக வெளியே வந்தார்கள். மகன் ஆட்சியில் ஊர் ஊராக ஆட்கள் காணாமல் போனார்கள்.

★

வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலிலிருந்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் விதவிதமான மாறுவேடங்களில் வந்து துப்புத் துலக்கும் நாயகன் யார் தெரியுமா? எம்.என். நம்பியார்! பிற்பாடு நாற்பது வருஷம் கைகளைப் பிசைந்துகொண்டு நம்மை மிரட்டியவர்தான். படத்தில் அவரே அடிக்கடி காணாமல் போய் வேறு ஆளாகத் திரும்புவார்.

★

பாத்திரம் தண்ணீரில் மூழ்கியும் பெயர் மிதந்த கதை: விக்டர் ஹியூகோவின் நாவலை யோகி சுத்தானந்த பாரதியார் தமிழாக்க, கே. ராம்நாத் 1950-இல் கோவையில் 'ஏழை படும் பாடு' என்று படமாக்கினார். நாவலில் இன்ஸ்பெக்டர் ஜாவேர் ஆற்றில் விழுந்து சாகிறார். தமிழில் அந்த வேடம் போட்ட சீதாராமனுக்கு அந்தப் பெயர் ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஜாவர் சீதாராமன்.

அதே ராம்நாத் அடுத்த வருஷம் எடுத்த 'மர்மயோகி'யில் ஒரு ஆவி உலவியதால், 'ஏ' சர்டிபிகேட் பெற்ற முதல் தமிழ்ப்படம் என்ற பேர் அதற்கு வந்தது. எம்.ஜி.ஆர். படத்துக்கு 'ஏ'! அந்த ஆவியோ செத்தே இராத ராஜா.

★

மணிமேகலை எங்கே? 2022-லும் 2023-லும் 'பொன்னியின் செல்வன்' பார்த்துவிட்டு வந்த வீடுகளில் எழுந்த கேள்வி. கடம்பூர் மாளிகை, வேட்டை மண்டபம், ரகசிய வழி என்று கல்கியின் நாவலில் கோதிக் நெடி நிறையவே வீசும் பகுதியின் உயிர் அந்தப் பெண். வந்தியத்தேவன் மீது ஒருதலைக் காதல் கொண்டு, கடைசியில் அவன் மடியில் உயிர்விடுகிறவள். படத்தில் அவள் நிழல்கூட இல்லை. ஐந்து பாகத்தை இரண்டு படத்தில் அடக்க யாரையாவது இறக்கிவிட்டே ஆகவேண்டும், சரி. இறக்கிவிடப்படுவது ஏன் எப்போதும் யாருக்கும் தொந்தரவு தராமல் காதலித்த பெண்ணாகவே இருக்கிறது?

நந்தினி கதை நேர்மாறு. நாவலில் அவள் குதிரையேறிக் கண்காணாமல் போகிறாள். படத்தில் தண்ணீருக்குள் இறங்கி முடிந்துபோகிறாள். டான்வர்ஸ் அம்மாளுக்கு நெருப்பு, நந்தினிக்கு நீர். காணாமல் போகும் சுதந்திரத்தைப் படங்கள் பெண்களுக்கு லேசில் தருவதில்லை.

★

முழுப் படமே காணாமல் போய்த் திரும்பிய கதையும் உண்டு. சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' மலையாள நாவல் வெளிவந்ததும் 1891-இல்தான். 'மனோன்மணீயம்' வந்த அதே வருஷம், இரண்டு ஆசிரியர்களும் வாழ்ந்தது அதே திருவனந்தபுரம். நாவலின் நாயகன் காட்டில் வெட்டுண்டு செத்தான் என்று ஊர் நம்ப, அவன் வேஷம் மாற்றி மாற்றி உலவுகிறான். நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் 1930-களின் தொடக்கத்தில் இதை மௌனப்படமாக்கினார். நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டது. படம் தியேட்டரிலிருந்து நேராகப் பதிப்பகத்தின் கிடங்குக்குப் போயிற்று. 1974-இல் புனே தேசிய திரைப்பட ஆவணக்காப்பகம் மீட்டது. வழக்குப் போடாமல் விட்டிருந்தால் ஊர் ஊராக ஓடித் தேய்ந்து அழிந்திருக்கும்.

வழக்கு எதுவும் வராத 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும்படம், 1938-இல் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் தந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

★

கடைசியாக ஒரு மலைக்கதை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் பனிமூட்டத்தில் பத்தடி முன்னால் போகிறவர் முதுகு மறைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஜோன் லிண்ட்சே என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் 1967-இல் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' எழுதினார். 1900-ஆம் வருஷம் காதலர் தினத்தன்று, பள்ளிப் பெண்கள் ஒரு பாறை மலைக்குச் சுற்றுலா போகிறார்கள். கடிகாரங்கள் பன்னிரண்டில் நின்றுபோகின்றன. மூன்று மாணவிகளும் ஒரு டீச்சரும் மேலே ஏறியவர்கள் திரும்பவில்லை. ஒருத்தி மட்டும் பிறகு கிடைக்கிறாள், அவளுக்கும் எதுவும் நினைவில்லை. 1975-இல் பீட்டர் வியர் இதைப் படமாக்கினார். என்ன ஆனார்கள் என்று படமும் சொல்லவில்லை, நாவலும் சொல்லவில்லை. நிஜமாக நடந்ததென்று இன்றும் பலர் நம்புகிறார்கள். நடக்கவில்லை.

ஆனால் லிண்ட்சே விடை எழுதியிருந்தார்! கடைசி அத்தியாயமாக அது இருந்தது. பதிப்பகம் வேண்டாம் என்று எடுத்துவிட்டது. ஆசிரியர் 1984-இல் காலமான பிறகு, 1987-இல் அந்த அத்தியாயம் தனிப் புத்தகமாக வந்தது. இருபது வருஷம் உலகமே கேட்ட கேள்விக்குப் பதில் என்ன தெரியுமா? பெண்கள் கழற்றி மலையுச்சியிலிருந்து எறிந்த இடுப்புக் கச்சைகள் கீழே விழாமல் காற்றிலேயே நிற்கின்றன. கணக்கு டீச்சர் நண்டு மாதிரி ஆகிப் பாறை இடுக்கில் நுழைந்துவிடுகிறார்.